மோனோஃபின் வாங்கப் போகிறீர்களா? பிளேடை அப்புறம் பார்க்கலாம், முதலில் கணுக்காலைப் பாருங்கள்

என் முதல் மோனோஃபின் (மூச்சடக்கி நீந்துகிறவர்கள் இரண்டு பாதத்தையும் சேர்த்து மாட்டிக்கொள்ளும் ஒற்றை அகலத் துடுப்பு) சென்னை தண்டையார்பேட்டை வீட்டு வாசலில் வந்து இறங்கியபோது எதிர்வீட்டு அக்கா எட்டிப் பார்த்துக் கேட்டார்: "இன்னாப்பா, இம்மாம் பெரிய திருக்கை? காசிமேட்ல இன்னா வெலைக்குப் போச்சு?"

விலையைச் சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டார். நானும் சொல்லவில்லை. யாரோ ஒருவர் பயன்படுத்திவிட்டு விற்றது, கடினமான பிளேடு (தண்ணீரைத் தள்ளும் தட்டு), பாக்கெட் (பாதம் நுழையும் ரப்பர் பகுதி) என் காலைவிட ஒரு சைஸ் சின்னது. "போட்டிக்குப் போறவங்க இப்படித்தான் டைட்டா போடுவாங்க" என்று விற்றவர் சொன்னார், நானும் தலையாட்டினேன். மூன்றே வாரத்தில் இரண்டு பெருவிரல் நகமும் கறுத்துவிட்டன. முட்டிவலி தனி.

இப்போது என்னிடம் இருப்பது இரண்டாவது ஃபின். இரண்டுக்கும் நடுவில் நான் கற்றுக்கொண்டதைத்தான் வரிசையாக எழுதுகிறேன். மூச்சடக்கி முங்கும் அடிப்படைப் பயிற்சியை முறையாக முடித்து, சாதாரண ஜோடி ஃபினில் கொஞ்ச காலம் நீந்தியவர்களுக்கானது இது. அந்தப் பயிற்சியே இன்னும் முடிக்கவில்லை என்றால் ஃபினுக்கு வைத்திருக்கும் காசை முதலில் அதற்குச் செலவழியுங்கள்.

1. ஜோடி ஃபினிலேயே டால்ஃபின் உதை போட்டுப் பாருங்கள்

மோனோஃபினில் இரண்டு காலும் ஒரே பிளேடில் பூட்டப்பட்டிருக்கும். இடது, வலது என்று மாற்றி உதைக்க முடியாது. நெஞ்சில் தொடங்கி, இடுப்பு வழியாக, தொடை, கணுக்கால் என்று ஓர் அலை இறங்கிப் போக வேண்டும். கயிற்றின் ஒரு முனையைப் பிடித்து உதறினால் மறுமுனை வரை அலை ஓடுகிறதே, அப்படி.

உங்களிடம் இருக்கும் ஜோடி ஃபினையே மாட்டி, கால்களைச் சேர்த்துவைத்து 25 மீட்டர் போய்ப் பாருங்கள். ஃபினே இல்லாமல் வெறுங்காலோடும் ஒரு தடவை. வெறுங்காலில் நகரவே இல்லை என்றால் உதை இடுப்பிலிருந்து வரவில்லை, முட்டியிலிருந்து வருகிறது என்று அர்த்தம். பெரிய பிளேடு அந்தக் குறையை மூடி மறைக்கும், ஆனால் முட்டி கணக்குத் தீர்த்துக்கொள்ளும். இதற்கு ஒரு மாதம் ஒதுக்குங்கள். செலவு ஒன்றும் இல்லை.

2. வஜ்ராசனத்தில் உட்காருங்கள்

ஃபின் வாங்கும் கட்டுரையில் யோகாசனம் எதற்கு என்று நினைக்காதீர்கள். இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை மட்டும் செய்வதாக இருந்தால் இதைச் செய்யுங்கள்.

தரையில் மண்டியிட்டு, பாதத்தின் மேல்பக்கம் தரையில் படும்படி குதிகால் மேல் உட்காருங்கள். கணுக்காலின் முன்பக்கத்துக்கும் தரைக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். பாதம் தரையோடு ஒட்டிப் படிந்து, இரண்டு நிமிடம் வலி இல்லாமல் உட்கார முடிந்தால் உங்களுக்கு நல்ல வளையும் கணுக்கால். ஒரு கை நுழையும் அளவுக்கு இடைவெளி இருந்தாலோ, அரை நிமிடத்தில் பாதத்தின் மேல்பக்கம் இழுத்துப் பிடித்தாலோ, விறைப்பான கணுக்கால். என்னுடையது இரண்டாவது வகை. இத்தனைக்கும் தினமும் தரையில் உட்கார்ந்து சாப்பிடுகிறவன். சம்மணம் போடுவதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்பது அப்போதுதான் புரிந்தது.

இது ஏன் முக்கியம் என்றால்: காலை நீட்டி விரல்களைக் கூராக வைக்கும்போது முட்டிக்குக் கீழே உள்ள எலும்பின் நேர்கோட்டிலேயே பிளேடு போக வேண்டும். கணுக்கால் முழுதாக நீளாவிட்டால் பிளேடு கீழ்நோக்கித் தொங்கும். உதைத்துவிட்டுச் சறுக்கிப் போகும் நேரத்தில் அந்தத் தொங்கல்தான் பிரேக். அதைத் தூக்கி நேராக்க நம்மை அறியாமல் முட்டியை மடக்குகிறோம். "உன் முட்டி ரொம்ப மடங்குது" என்று பயிற்சியாளர் எத்தனை தடவை சொன்னாலும் திருந்தாமல் இருந்ததற்கு எனக்குக் காரணம் இதுதான். தப்பு முட்டியில் இல்லை, ஃபினின் கோணத்தில்.

சந்தையில் பொதுவாக இரண்டு குடும்பங்கள் உண்டு. ஒன்று, கிளாசிக்: தட்டையான பிளேடில் ரப்பர் பாக்கெட்டை ஒட்டியிருப்பார்கள், பாதமும் பிளேடும் கிட்டத்தட்ட ஒரே தளத்தில் இருக்கும். விலை குறைவு, ஆனால் கணுக்கால் வளைய வேண்டும். இன்னொன்று, ஹைப்பர் என்று சொல்லப்படும் வகை: பாக்கெட்டுக்கும் பிளேடுக்கும் நடுவிலேயே கோணம் வைத்து, பக்கவாட்டில் ரப்பர் இறக்கை போல வைத்துச் செய்வது. கணுக்கால் விட்ட குறையை அந்தக் கோணம் ஈடுகட்டும். விறைப்பான கணுக்கால்காரர்கள் காசு சேர்த்து இரண்டாவது வகைக்கே போய்விடுவது நல்லது. நான் முதலில் வாங்கியது கிளாசிக்.

3. உங்கள் உதையை வீடியோ எடுங்கள்

தண்ணீருக்குள் எடுக்கும் கேமரா வேண்டும். இல்லாவிட்டால் வாட்டர்ப்ரூஃப் உறையில் போட்ட ஃபோன் போதும். பக்கவாட்டிலிருந்து, உடல் முழுதும் தெரியும்படி 25 மீட்டர். முடிந்தால் யாரிடமாவது மோனோஃபினை அரை மணி நேரம் இரவல் வாங்கி அதிலும் எடுங்கள். பார்க்க வேண்டியவை மூன்று: முட்டி எவ்வளவு மடங்குகிறது, இடுப்பு மேலும் கீழும் அசைகிறதா, இரண்டு உதைக்கு நடுவே சும்மா சறுக்குகிறீர்களா, விடாமல் உதைத்துக்கொண்டே போகிறீர்களா.

இரவல் ஃபினில் நாலைந்து முறை போய் வந்த பிறகு எங்கே வலிக்கிறது என்றும் குறித்துக்கொள்ளுங்கள். என் அனுபவத்தில் வலி வீடியோவைவிட நேர்மையானது. முன்தொடை எரிந்தால் முட்டியால் உதைக்கிறீர்கள், அல்லது பிளேடு உங்களுக்குக் கடினம். உள்ளங்காலும் கெண்டைக்காலும் பிடித்துக்கொண்டால் பாக்கெட் இறுக்கம், அல்லது விரலைத் தேவைக்கு மேல் நீட்டுகிறீர்கள். கீழ்முதுகு வலித்தால் வயிற்றுத் தசை செய்ய வேண்டிய வேலையை முதுகு செய்கிறது. பெரும்பாலும் கடினமான பிளேடுதான் காரணம்.

4. உதைக்கு ஏற்ற பிளேடு

நம் ஆட்கள் அதிகம் ஏமாறும் இடம் இது. கடினமான பிளேடு என்றால் அதிக வேகம் என்று ஒரு நினைப்பு. குறைந்த தூரத்தை முழு பலத்தோடு ஓடும் ஃபின் நீச்சல்காரர்களுக்கு அது சரி. நாம் மூச்சை அடக்கிக்கொண்டு போகிறவர்கள். ஒவ்வொரு உதையும் ஆக்சிஜன் செலவு. தொடை எவ்வளவு குறைவாக உழைக்கிறதோ அவ்வளவு நல்லது.

இன்னும் முட்டி மடங்குகிற உதை என்றால்: மென்மையான பிளேடு. வேறு யோசனையே வேண்டாம். நீச்சல் பயிற்சிக்காக வரும் சின்ன ரப்பர் மோனோஃபின்கூட, ஃபினிஸ் கம்பெனி விற்பது போன்றது, முதல் ஆறு மாதத்துக்குப் போதும். அது சறுக்காது, ஆழத்துக்கு ஆகாது. ஆனால் அலையைப் பழக்கிவிடும். பிறகு விற்பதும் சுலபம்.

இடுப்பிலிருந்து சின்னச் சின்ன வீச்சாக, விடாமல் உதைக்கிறவர் என்றால்: மென்மைக்கும் நடுத்தரத்துக்கும் இடைப்பட்டது, கோணம் வைத்த வகை. இந்த உதையில் பிளேடின் நுனி சீக்கிரம் வளைய வேண்டும். பெரிய வீச்சு கொடுத்தால்தான் வளைவேன் என்று அடம்பிடிக்கும் பிளேடு உங்களுக்குப் பொருந்தாது.

நீச்சல் குளத்தில் தூரம் போகிறவர், ஒரு உதை, நீண்ட சறுக்கல், மறுபடி ஒரு உதை என்று போகிறவர் என்றால்: நடுத்தரம். இங்கே உதையைவிடச் சறுக்கல்தான் முக்கியம், ஆகவே பிளேடு ஓய்வாக இருக்கும்போது உடலின் நேர்கோட்டில் நிற்கிறதா என்று பாருங்கள். இரண்டாம் படியில் பார்த்த கோணம் இந்த ஆட்களுக்குத்தான் அதிகம் தேவை.

ஆழத்துக்கு இறங்குகிறவர் என்றால் கணக்கு கொஞ்சம் மாறும். இறங்கும்போது முதல் சில மீட்டர் மட்டும் உதை. உடல் தானாக மூழ்கத் தொடங்கியதும் காலை அசைக்காமல் விழுவோம். திரும்பும்போது அடியில் உடல் கனமாக இருக்கும், முதல் உதைகளுக்குத்தான் பலம் வேண்டும். அதனால் ரொம்ப மென்மையானதும் உதவாது. அதே நேரம் கடினமான பிளேடு தொடையை அடியிலேயே களைக்க வைத்துவிடும். மேலே வரும் கடைசி 10 மீட்டர்தான் மயக்கம் வரும் பகுதி, அங்கே களைத்த காலோடு வருவது நல்லதல்ல. நடுத்தரம், அதிலும் மென்மைப் பக்கம் சாய்ந்தது போதும்.

உடல் எடையும் சேர்த்துப் பாருங்கள். 55 கிலோ ஆளுக்கு நடுத்தரமாகத் தெரிவது 85 கிலோ ஆளுக்கு மென்மை. ஒரு கம்பெனியின் நடுத்தரம் இன்னொரு கம்பெனியின் கடினமாக இருக்கலாம். எல்லோருக்கும் பொதுவான அளவுகோல் கிடையாது. வாங்கும் முன் உங்கள் எடை, உயரம், எந்த வகை உதை என்று மூன்றையும் எழுதி அனுப்பி அவர்களையே கேளுங்கள். வீடியோவையும் அனுப்புங்கள். எஸ்டோனியாவின் லீடர்ஃபின்ஸ் போல ஃபின் செய்கிற கம்பெனிகளுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. இரண்டு வகைக்கு நடுவில் தயங்கினால் மென்மையானதை எடுங்கள்.

ஃபைபர் கிளாஸா, கார்பனா? கார்பன் எடை குறைவு, சட்டென்று நிமிர்கிறது, விலை அதிகம், குளத்தின் சுவரில் இடித்தால் மனசு உடைகிறது. முதல் ஃபின் ஃபைபர் கிளாஸ்.

5. பாக்கெட்: பணத்தை இங்கே செலவழியுங்கள்

பிளேடு கொஞ்சம் தப்பாகப் போனாலும் பழகிவிடலாம். பாக்கெட் தப்பினால் ஃபின் பரணுக்குப் போய்விடும்.

வெறும் செருப்பு சைஸைச் சொல்லி ஆர்டர் செய்யாதீர்கள். ஒரு வெள்ளைத் தாளைத் தரையில் வைத்து, முழு எடையும் பாதத்தில் இருக்கும்படி நின்று, பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்து வேறு ஒருவரை வரையச் சொல்லுங்கள். இரண்டு காலையும் வரையுங்கள். பலருக்கு ஒரு கால் கொஞ்சம் பெரியது. நீளம், விரல்கள் பக்கம் அகலம், நடுப்பாதத்தைச் சுற்றிய அளவு மூன்றையும் தையல் டேப்பால் எடுங்கள். சாயங்காலம் எடுப்பது நல்லது, காலையைவிடக் கால் கொஞ்சம் உப்பியிருக்கும். நம்மில் நிறையப் பேருக்கு முன்பாதம் அகலம். என்னுடையதும் அப்படித்தான், சின்ன வயதில் முழுக்க மணலில் வெறுங்காலோடு ஓடியதாலோ என்னவோ. குறுகலான பாக்கெட்டில் நீளம் சரியாக இருந்தும் சுண்டுவிரல் நசுங்கும்.

மெல்லிய நியோப்ரீன் சாக்ஸ் போடப் போகிறீர்களா என்று முன்பே முடிவு செய்து, போட்டபடியே ஒரு தடவை அளவெடுங்கள்.

வந்த பிறகு சோதிக்கும் விதம்: ஈரமாக்கி மாட்டிக்கொண்டு கட்டிலில் குப்புறப் படுத்து, பிளேடு கட்டிலுக்கு வெளியே இருக்கும்படி 20 நிமிடம் இருங்கள். மரத்துப்போனால் இறுக்கம். காலை மெல்ல ஆட்டும்போது குதிகால் பாக்கெட்டுக்குள் தூக்கினால் தளர்ச்சி. உதையில் பாதி அங்கேயே வீணாகும். கொஞ்சம் தளர்ந்தால் சாக்ஸால் சரிக்கட்டலாம். கொஞ்சம் இறுக்கமாக இருந்தால் ரப்பரை வெந்நீரில் இளக்கிப் பார்க்கலாம். ஒரு சைஸ் சின்னதை ஒன்றும் செய்ய முடியாது. என் நகங்கள் சாட்சி.

மாட்டுவதற்குச் சோப்புத் தண்ணீர் போதும். தேங்காயெண்ணெய் தடவாதீர்கள், ரப்பர் ஊறிப் பிசுபிசுத்துப் போகும். வீட்டில் கையெட்டும் தூரத்தில் இருப்பது அதுதான் என்பதால் சொல்கிறேன்.

6. எங்கே போட்டு நீந்தப் போகிறீர்கள்?

ஆர்டர் கொடுப்பதற்கு முன்பே இதற்குப் பதில் இருக்க வேண்டும். நான் பின்னால் யோசித்தேன்.

வீட்டிலிருந்து நடக்கும் தூரத்தில் கடல் இருக்கிறதே என்று தோன்றும். வேண்டாம். காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கரை நெடுகக் கல் கொட்டியிருக்கிறது. அலை அந்தக் கல்லில்தான் அடிக்கிறது. கலங்கல் தண்ணீர், படகுப் போக்குவரத்து, அறுந்து மிதக்கும் வலைத்துண்டு எல்லாம் சேர்த்துப் பாருங்கள். மோனோஃபின் மாட்டியவருக்கு நடக்க முடியாது, நிற்க முடியாது, வலையில் பிளேடு சிக்கினால் குனிந்து கழற்றத்தான் வேண்டும். மூச்சடக்கிய நிலையில் அது முடிகிற காரியம் இல்லை. எங்கள் ஏரியா அண்ணன் ஒருவர், 30 வருடமாகக் கடலுக்குப் போகிறவர், ஃபினைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஒரே வார்த்தைதான் சொன்னார்: "தம்பி, இத்தப் போட்டுக்கினு நம்ம தண்ணில எறங்காத."

ஆழத்துக்குப் புதுச்சேரிப் பக்கம் படகில் கூட்டிப்போகும் டைவிங் மையங்கள் உண்டு; அந்தமானும் உண்டு. வடகிழக்குப் பருவமழை மாதங்களான அக்டோபர் முதல் டிசம்பர் வரை நம் பக்கக் கடல் கொந்தளிப்பும் கலங்கலும்தான். அந்த மூன்று மாதத்தைக் குளத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். டைவிங் மையங்களில் பதிவு செய்யும்போது உடல்நலக் கேள்விப் படிவம் ஒன்று கொடுப்பார்கள். சில கேள்விகளுக்கு 'ஆம்' என்று வந்தால் டாக்டர் கையெழுத்து கேட்பார்கள். காது, சைனஸ், ஆஸ்துமா, இதயம் சம்பந்தமாக ஏதாவது இருந்தால் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

குளம் என்றால் அனுமதிதான் பிரச்சினை. ஒரு மணி நேர பேட்ச்சில் கூட்டமாக நீந்தும் குளத்தில் முக்கால் மீட்டர் அகலப் பிளேடை யாரும் விட மாட்டார்கள், விடவும் கூடாது. கூட்டம் இல்லாத மதிய நேரத்தில் ஒரு லேன் கேட்டு எழுத்தில் கொடுங்கள். ஆதார் நகல், புகைப்படம், மருத்துவச் சான்று, பயிற்சிச் சான்றிதழ் நகல், உடன் வரும் கூட்டாளியின் பெயர் எல்லாம் ஒரே உறையில். ஒரு குளத்தில் என்னை மூன்று தடவை அலையவிட்டார்கள். நான்காம் தடவை ஃபினையே கையோடு எடுத்துப்போய்க் காட்டினேன், இதனால் டைல்ஸ் உடையாது என்று விளக்கினேன், அன்றைக்கே சரி என்றார்கள். ஆழம் குறைந்த பக்கம் நான்கடிதான் இருக்கும். நுனி தரையில் உரசும். ஆழமான பாதியிலேயே பழகுங்கள்.

7. விலை, பார்சல், சுங்கம்

நான் விசாரித்த அளவில் சின்ன ரப்பர் வகை 10 ஆயிரத்துக்குள் முடியும். ஃபைபர் கிளாஸ் கிளாசிக் அதைப்போல இரண்டு மூன்று மடங்கு. கோணம் வைத்த வகை அரை லட்சத்தை ஒட்டிப் போகும், கார்பன் என்றால் அதையும் தாண்டும். ஆனால் உங்களை அடிப்பது இந்த விலை இல்லை, பெட்டியின் அளவு.

ஃபின் நீச்சல் போட்டி விதிகளின்படி மோனோஃபின் 76 செ.மீ. அகலம், 76 செ.மீ. நீளம் வரை இருக்கலாம். பெட்டி 80 × 80 × 20 செ.மீ. என்று வையுங்கள். கொரியர்காரர்கள் இந்த மூன்றையும் பெருக்கி 5000-ஆல் வகுத்து எடை போடுவார்கள்: 25.6 கிலோ. உள்ளே இருப்பது மூன்று நான்கு கிலோ பொருள். கட்டணம் 25.6 கிலோவுக்கு. சுங்க வரியும் பொருளின் விலைக்கு மட்டும் அல்ல, அனுப்பும் கட்டணமும் காப்பீடும் சேர்ந்த தொகைக்கு. ஆகவே ஆர்டர் கொடுக்கும் முன் பெட்டியின் அளவைக் கேட்டு வாங்குங்கள். வரி விகிதம் பட்ஜெட்டுக்கு பட்ஜெட் மாறும். கொரியர் கம்பெனியிடம் அன்றைய கணக்கைக் கேளுங்கள்.

கையில் தயாராக வைத்துக்கொள்ள வேண்டியவை: ஆதார், பான் கார்டு, கொரியர் கம்பெனிக்கான அங்கீகாரக் கடிதம், விலைப்பட்டியல், பணம் கட்டிய ரசீது. பான் கார்டில் பெயர் ஒரு மாதிரி, பார்சலில் வேறு மாதிரி இருந்தால் பெட்டி கிடங்கில் உட்கார்ந்துவிடும். நாளாக ஆகக் கிடங்கு வாடகை ஏறும். இனிஷியல் வரை ஒன்றாக இருக்கட்டும். "பரிசு" என்று எழுதி அனுப்பச் சொன்னால் வரி இல்லை என்று இன்னும் சிலர் யோசனை சொல்கிறார்கள். அந்தச் சலுகை 2019 டிசம்பரிலேயே போய்விட்டது.

ஆர்டருக்குப் பிறகு செய்துதரும் கம்பெனி என்றால் செய்ய, அனுப்ப, சுங்கம் தாண்ட என்று மொத்தம் இரண்டு மாதம் வைத்துக்கொள்ளுங்கள். ஜனவரியில் கடலுக்குப் போக வேண்டும் என்றால் தீபாவளிக்குள் ஆர்டர் போய்விட வேண்டும்.

வெளிநாட்டிலிருந்து வரும் உறவினரிடம் கொண்டுவரச் சொல்லலாம். பெட்டியின் மூன்று பக்கமும் கூட்டி 158 செ.மீ. என்பதுதான் பல விமான நிறுவனங்களின் வரம்பு. நம் பெட்டி 180. கூடுதல் கட்டணம் யார் கட்டுவது என்று முன்பே பேசிவிடுங்கள். மாமாவோடு எனக்குப் பேச்சுவார்த்தை நின்றது இதனால்தான், இரண்டு மாதத்துக்கு.

பழையது வாங்கினால்: பாக்கெட் முடிந்து பிளேடு தொடங்கும் இடத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். அதிக வளைவு அங்கேதான். தலைமுடி போல வெள்ளைக் கோடுகள் தெரிந்தால் உள்ளே அடுக்கு பிரிய ஆரம்பித்துவிட்டது. வாங்காதீர்கள். பிளேடை நகத்தால் தட்டிக்கொண்டே வாருங்கள். பிரிந்த இடத்தில் சத்தம் மழுங்கும்.

8. முதல் மாதம்

தனியாக ஒருபோதும் வேண்டாம். குளத்திலும்தான். ஒருவர் உள்ளே போனால் இன்னொருவர் மேலே பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும். அவருக்கு மயங்கியவரைத் தூக்கத் தெரிந்திருக்க வேண்டும். மோனோஃபினில் தூரம் சிரமமே இல்லாமல் கூடும், அதனால்தான் எல்லை தாண்டியது தெரிவதில்லை. ஜோடி ஃபினில் நீங்கள் போகும் தூரத்தில் பாதியோடு முதல் மாதத்தை நிறுத்துங்கள். ஆழத்தில் இறங்கும் வேகமும் கூடும், காதில் அழுத்தத்தைச் சமன்செய்ய நேரம் குறையும். முதல் நாள் பழைய ஆழத்தில் பாதி போதும்.

கரையோரம் உட்கார்ந்து கால் தண்ணீரில் இருக்க மாட்டுங்கள். மாட்டிய பிறகு ஓர் அடிகூட நடக்காதீர்கள். கழற்றுவதையும் பத்துத் தடவை பழகுங்கள், கண்ணை மூடிக்கொண்டு.

9. வைத்துக்கொள்ளும் விதம்

கடலுக்குப் போய் வந்தால் நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்தி, தட்டையாகப் படுக்க வையுங்கள். சுவரில் சாய்த்து வைத்தால் நாளடைவில் வளைந்துவிடும். மே மாத மொட்டைமாடி வெயிலில் பசை விட்டுப்போகும்.

கீறல் விழுந்தால் காசிமேட்டில் ஃபைபர் படகுக்கு ஒட்டுப் போடுகிறவரிடம் எடுத்துப்போகத் தோன்றும். எனக்குத் தோன்றியது. அவர் நல்ல வேலைக்காரர். கண்ணாடி இழை மேட் வைத்து, ரெசின் பசை பூசி, தேய்த்து, புதுசு மாதிரி கொடுத்தார், 300 ரூபாய்தான் வாங்கினார். படகு வளையக் கூடாது, பிளேடு வளைய வேண்டும் என்பதை இரண்டு பேருமே யோசிக்கவில்லை. ஒட்டிய இடம் கல்லாக நின்றது. அதற்கு ஒரு விரல் தள்ளி, நான்காம் உதையில் பிளேடு இரண்டாகப் பிளந்தது. பெரிய துண்டு இப்போது எங்கள் வீட்டுத் தண்ணீர் டிரம்முக்கு மூடி. அளவு அவ்வளவு சரியாகப் பொருந்துகிறது.